காயம் படாமல் வாங்குவது



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. ஒருவர் தம் தாய் தந்தையின் பெயரிலோ ஆசிரியரின் பெயரிலோ ஒரு தொகையை வைப்பில் போடுகிறார். முதலை யாரும் தொடுவதில்லை. வட்டியில் ஆண்டுக்கொரு முறை நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, தேநீரும் வடையும் கொடுத்து, என்னைப் போன்ற ஒருவரைப் பேச அழைக்கிறார்கள். வருகிறவர் எந்தப் பொருளில் பேசினாலும் அந்தப் பெயர் அவையில் ஒருமுறை ஒலித்தாக வேண்டும். நன்றி நினைவு தானாக வந்துகொண்டே இருக்காது, தேதி குறித்துத்தான் அதை வரவழைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு இது.

எனக்குக் கொடுத்த தலைப்பு, அன்றாட வாழ்வில் நன்றியைக் கவனத்தோடு பழகுவது. கொஞ்சம் சங்கடமான தலைப்புத்தான். கைப்பேசியைத் திறந்தால் தாமரைப் பூவோ சூரிய உதயமோ போட்ட படத்தின் மேல் இதைப் பற்றி நாலு வரி தினமும் வந்துவிடுகிறது. நானும் படிக்கிறேன். எனக்கு அவற்றில் உள்ள குறை ஒன்றுதான்: நன்றி யாருக்கு என்று அங்கே இருப்பதில்லை. பிரபஞ்சத்துக்கு என்கிறார்கள். இன்று காலை எனக்குப் பசியாறத் தோசை சுட்டுத் தந்தது பிரபஞ்சம் அல்ல.

ஆனால் இதை முறையாக ஆராய்ந்தவர்களைக் கேலி செய்ய மாட்டேன். அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவை வாரம் ஒருமுறை தமக்குக் கிடைத்த நல்லவற்றை எழுதச் சொன்னார்கள். இரண்டாம் பிரிவு தொல்லைகளை எழுதியது. மூன்றாம் பிரிவு வெறுமனே நடந்ததை எழுதியது. பத்து வாரம் கழித்துப் பார்த்தபோது, நல்லதை எழுதியவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நம்பிக்கையோடு இருந்தார்கள், உடற்பயிற்சியும் அதிகம் செய்திருந்தார்கள். சோன்யா லியுபொமிர்ஸ்கி என்ற இன்னொருவரின் ஆய்வு அதைவிடச் சுவையானது. வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பயன் இருந்தது, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்கு இல்லை. அடிக்கடி செய்தால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது போலும். வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வீடு கழுவி விளக்கேற்றிய நம் வீட்டுப் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவதாக ஒன்று. மார்ட்டின் செலிக்மனும் உடன் பணியாற்றியவர்களும் 2005-இல் வெளியிட்டது. தனக்கு உதவி செய்த, ஆனால் தான் ஒருபோதும் சரியாக நன்றி சொல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, அதை நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தவர்களின் மகிழ்ச்சி மற்றப் பயிற்சிகளைவிட அதிகமாக உயர்ந்தது. ஒரு மாதம் நின்றது. பிறகு கரைந்துவிட்டது. உயர்ந்தது என்பதைவிட, கரைந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அது ஆண்டுக்கொரு முறை என்ற நம்முடைய பழைய ஏற்பாட்டுக்குக் காரணம் சொல்கிறது.

இவ்வளவும் வெளியிலிருந்து வந்தவை. இனி நம்முடைய காட்டுக்குள் போவோம்.

இந்த மலாக்கா மாநிலத்தில்தான் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் வந்தது என்பது இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். 1896-இல் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான், சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லியின் தூண்டுதலில் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அது பிடித்துக்கொண்டதும் புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். ரிட்லியைப் பார்த்து அப்போது எல்லோரும் சிரித்தார்கள். சட்டைப்பையில் ரப்பர் விதையைப் போட்டுக்கொண்டு தோட்டக்காரர்களைத் துரத்துகிறார் என்று 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பட்டம் கட்டினார்கள். 1855-இல் பிறந்த அந்த மனிதர் தம்மைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் போன பிறகும் இருந்து, நூறு வயதைக் கடந்து 1956-இல் மறைந்தார்.

விதையைப் பரப்பியதைவிடப் பெரிய காரியம் ஒன்றையும் ரிட்லி செய்தார். அமேசான் காடுகளில் ரப்பர் எடுத்தவர்கள் மரத்தைச் சிறு கோடரியால் கொத்தினார்கள். பால் வந்தது, ஆனால் மரம் புண்பட்டுக் கெட்டது. ரிட்லி பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவச் சொன்னார். நேற்றுச் சீவிய கோட்டின் ஓரத்தையே இன்றும் ஒரு மயிரிழை சீவினால் போதும், பால் கூடுதலாகவே வரும், பட்டையும் திரும்ப வளர்ந்துகொள்ளும் என்று காட்டினார். அந்தக் கண்டுபிடிப்பைத் தினமும் கையில் பிடித்தவர்கள் நம் ஆட்கள்.

பால் வெட்டியவர்கள் இங்கே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெயில் ஏறுவதற்கு முன்புதான் மரத்தில் பால் அழுத்தம் அதிகம். அதனால் இருட்டோடு எழுந்து, காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் முதலில் நேற்றுக் கோட்டில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட வேண்டும். பிறகு உளியை வைத்துச் சீவ வேண்டும். கொஞ்சம் மேலோட்டமாகப் போனால் பால் இறங்காது. கொஞ்சம் ஆழமாகப் போனால் உளி பட்டையைத் தாண்டிக் கட்டையைத் தொடும். அங்கே மரம் முண்டுமுண்டாகத் தடித்துப்போகும், அந்த இடத்தில் மறுபடி நல்ல பட்டை வராது. மேற்பார்வை பார்க்கும் தண்டல் வந்து பார்த்தால் திட்டு விழும். பால் பிடிக்கும் மங்கைத் துடைத்து நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரம். இப்படி நானூறு, ஐந்நூறு மரம், அரைகுறை வெளிச்சத்தில், கொசுக்கடியில்.

தியான வகுப்புகளில் 'கவனம்' என்று எதைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ அது எனக்கு இந்த இடத்தில்தான் புரிகிறது. கொடுக்கிறவனுக்குக் காயம் படாமல் அவனிடமிருந்து வாங்குவது. அதற்கு, எங்கே பட்டை முடிந்து கட்டை தொடங்குகிறது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். நன்றியும் இந்த வகைத் திறமை என்றுதான் நினைக்கிறேன். வாயால் சொல்வது அதன் ஒரு சிறு பகுதி. நமக்கு வந்து சேர்வது யாருடைய உடம்பிலிருந்து வருகிறது, அவர்களால் எவ்வளவு கொடுக்க முடியும், எந்த இடத்தில் நம் கை ஆழமாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதில் பெரிய பகுதி.

தான் சே யான் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. ரிட்லி பெயரும் இருக்கிறது. இருக்கட்டும், இருக்க வேண்டியவைதான். புக்கிட் அசகானிலும் புக்கிட் லிந்தாங்கிலும் டைமண்ட் ஜூப்ளியிலும் கெமெண்டோரிலும் உளி பிடித்தவர்களின் பெயர்கள் செக்ரோல் என்ற சம்பளப் பதிவுப் புத்தகத்தில் இருந்தன. அந்தப் புத்தகங்களைக் கரையான் தின்றுவிட்டது, இல்லாவிட்டால் தோட்டம் கைமாறியபோது அலுவலகத்தோடு குப்பைக்குப் போய்விட்டது.

செக்ரோலில்கூட ஓரமாக மட்டும் இடம்பெற்ற ஒரு வேலைக்காரியைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன். ஆயாக் கொட்டகை ஆயா.

அம்மாவும் அப்பாவும் இருவருமே பெரட்டுக்குப் போக வேண்டிய வீட்டில் கைக்குழந்தை என்ன செய்யும்? தூக்கத்திலேயே துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பனியில் நனையாமல் தலையை மூடி, லயத்திலிருந்து கொட்டகை வரைக்கும் இருட்டில் நடந்துபோய், அங்கே இருக்கும் ஆயாவின் கையில் கொடுத்துவிட்டு அம்மா ஓடுவாள். வரிசையாகக் கயிற்றில் தொங்கும் தொட்டில்கள். ஒரு கொட்டகையில் இரண்டு ஆயாக்கள் இருந்தால் அது வசதியான தோட்டம். ஒரு தொட்டிலைக் கையால் ஆட்டிக்கொண்டே இன்னொன்றைக் காலால் ஆட்டுவார்கள். பால்மாவு கலக்குவது, பீத்துணி அலசுவது, வாந்தி எடுத்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து மருந்துக்கடை டிரசருக்காகக் காத்திருப்பது எல்லாம் அவர்கள்தான். பெரும்பாலும் காட்டு வேலைக்கு இனிமேல் முடியாது என்று கழிக்கப்பட்ட வயதான பெண்கள். முட்டி வலி, கண் மங்கல், வெற்றிலைக் கறை. சம்பளம் பால்வெட்டுக்காரியைவிடக் குறைவு. பதினோரு, பன்னிரண்டு மணிக்கு உடம்பெல்லாம் ஒட்டுப்பால் நாற்றத்தோடு தாய் வந்து, "பால் குடிச்சானா ஆயா?" என்று கேட்பாள். "குடிச்சான் குடிச்சான், மொதல்ல நீ கையக் கழுவிட்டு வா" என்பாள் ஆயா.

இன்று மலாக்காத் தமிழர்களில் மருத்துவர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டும் மேடைகளில் பெற்றோருக்கு நன்றி சொல்வார்கள், ஆசிரியர்களுக்குச் சொல்வார்கள், ஆண்டவனுக்குச் சொல்வார்கள். அம்மா காட்டில் இருந்த நேரமெல்லாம் அவர்களை உயிரோடு வைத்திருந்தது யார்? அந்த ஆயாவுக்கு எந்த மேடையிலும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. அவர்கள் மறந்துவிட்டார்கள் என்று குற்றம் சொல்ல முடியாது. அந்த வயது நினைவில் நிற்காது. நமக்கு மிகப் பெரிய உதவிகள் நடந்தது நினைவு தொடங்குவதற்கு முன்னால். அதனால்தான் உணர்ச்சி வரும்போது நன்றி சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அது பாதிப் பேருக்குப் போய்ச் சேராது. விசாரிக்க வேண்டும். "நான் கைப்பிள்ளையா இருந்தப்ப என்னை யாரு பார்த்துக்கிட்டது?" என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெயர் வரும். சில வீடுகளில் அந்தப் பெயருக்குரியவர் இன்னும் ஏதோ ஒரு தாமான் குடியிருப்பில் மகன் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்திருப்பார்.

சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்த காலத்தையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 1942, 43-இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். திரும்பாதவர்கள் பல்லாயிரம். அவர்கள் விட்டுப்போன பிள்ளைகளுக்கு மரவள்ளிக்கிழங்கை அவித்துப் பங்குபோட்டுக் கொடுத்து வளர்த்தவர்களில் பலர் உறவுக்காரர்கள்கூட இல்லை, அடுத்த லயத்துக்காரர்கள். "எனக்கு அவங்கதான் அத்தை" என்று இன்றும் சில குடும்பங்களில் சொல்கிற உறவு ரத்தத்தில் வந்தது அல்ல, அந்தக் கிழங்கில் வந்தது.

இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, தோட்டத்து மக்கள் நன்றியின் இலக்கணமாக வாழ்ந்தார்கள் என்று யாராவது முடிவுகட்டினால் எனக்கு வருத்தம். தோட்டத்தில் இன்னொரு வகை நன்றியும் இருந்தது. அது மேலிருந்து கேட்டு வாங்கப்பட்டது.

கங்காணி ஊரிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தார். கப்பல் ஏற்றினார், வேலையில் சேர்த்தார், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தார், சாவுக்கு முன்பணம் கொடுத்தார். இதற்கெல்லாம் ஆயுள் முழுக்கத் தமக்கு நன்றியோடிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். அதே கங்காணிக்கு ஒவ்வோர் ஆள் வேலைக்கு வந்த நாளுக்கும் கம்பெனி தலைக்காசு கொடுத்தது. 'உப்பைத் தின்றவன்' என்ற பேச்சு கங்காணியிலிருந்து கிராணிக்கும் கிராணியிலிருந்து துரைக்கும் படியேறிப் போனது. இந்தியாவிலிருந்து தொழிலாளர் புறப்பாட்டை 1938-இல் இந்திய அரசு நிறுத்திய பிறகும் அந்தப் படிகள் அப்படியே இருந்தன.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்தினார். சம்பள உயர்வு கேட்டார்கள், பிள்ளைகளுக்குக் கல்வி வசதி கேட்டார்கள். அந்தக் கோரிக்கைகளில் ஒன்றை நான் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டினால் அவர்கள் நம்புவதில்லை: துரை எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். சைக்கிள் தொழிலாளி தன் சொந்தக் காசில் வாங்கியது. சாலையில் இறங்கி நிற்பது மரியாதை என்று சொன்னார்கள், சோறு போடுகிறவனுக்குக் காட்டும் நன்றி என்றார்கள். அரசு நாதனை நாடு கடத்தியது. ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றாகித் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் 1954-இல் அமைந்து, பி.பி. நாராயணன் போன்றவர்கள் பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் வரை இந்தச் சைக்கிள் பிரச்சினை ஏதோ ஒரு வடிவில் தொடர்ந்தது.

ஆக, நன்றியைப் பழகுங்கள் என்று ஒரு தோட்டத்துச் சமூகத்திடம் பேசுகிறவன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. உதவி செய்தவன் அநியாயம் செய்தால் என்ன செய்வது? பட்டிமன்றங்களில் நாம் இதைக் கர்ணனை வைத்தும் கும்பகர்ணனை வைத்தும் பேசிப் பேசித் தேய்த்திருக்கிறோம். துரியோதனன் போட்ட சோற்றுக்காகக் கர்ணன் செத்தான். அண்ணன் வளர்த்த கடனுக்காகக் கும்பகர்ணன் தப்பென்று தெரிந்தே போருக்குப் போனான். கைதட்டல் எப்போதும் இவர்கள் பக்கம்தான் விழுகிறது. விபீடணனுக்கு வாதாடுகிறவர் பாவம், எவ்வளவு நன்றாகப் பேசினாலும் தோற்றுப்போகிறார்.

திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் பதினோராவது அதிகாரம். அடுத்த அதிகாரம் நடுவுநிலைமை. இந்த வரிசைக்கு உரையாசிரியர் பரிமேலழகர் ஒரு காரணம் சொல்கிறார். நமக்கு நன்மை செய்தவரிடம் அந்த நன்மையை நினைக்கும்போது நடுவுநிலை சாய்ந்துவிடக்கூடும். அங்கேயும் அது சாயக்கூடாது என்று உணர்த்தவே இந்த அதிகாரத்தை அதற்குப் பின்னால் வைத்தது என்கிறார். எனக்கு இந்த ஒரு குறிப்புக்காகவே பரிமேலழகர்மீது பெரிய மதிப்பு. 

இந்த வரிசையில் பார்த்தால், நன்றி கணக்கைச் சரியாகத் தெரிந்துகொள்ளச் சொல்கிறது. கங்காணி சாவுக்குக் கொடுத்த முன்பணம் உதவிதான், அதை மறக்க வேண்டாம். சம்பளத்தில் அவர் பிடித்தது பிடித்ததுதான், அதையும் மறக்க வேண்டாம். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்திருக்க முடிந்தவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்க மாட்டான், உதவியை இல்லையென்றும் சொல்ல மாட்டான். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று தெரியாமல் மொத்தமாக நெஞ்சு உருகுகிறவனைத்தான் சைக்கிளைவிட்டு இறக்க முடியும். கைப்பேசிப் படங்களின் மேல் எனக்குள்ள ஐயமும் இதனால்தான். இருப்பதை நினைத்து மகிழ்ந்திரு என்பது நல்ல அறிவுரைதான். அதைச் சம்பளம் பாக்கி வைத்திருக்கும் முதலாளி சொன்னால் நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி, இதே ஊரில் நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கும் இரண்டு பழக்கங்களைச் சொல்கிறேன்.

காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகள் இருக்கிறார்கள். மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துத் தங்கியவர்களின் வழிவந்தவர்கள். வீட்டில் பேசுவது மலாய். உடையும் சமையலும் இந்த மண்ணுடையவை. தங்க ஆசாரித் தெருவில் இருக்கும் பொய்யாத விநாயகர் கோயில், 1781-இல் டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் இவர்களுடைய தலைவர் தெய்வநாயகம் செட்டி எழுப்பியது. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசலும் அருகிலேயே சீனர்களின் செங் ஹூன் தெங் கோயிலும் இருப்பதைச் சுற்றுலாக்காரர்கள் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். ஆனால் செட்டிகளிடம் நாம் பார்க்க வேண்டியது கோயிலைவிட 'பார்ச்சு' என்று அவர்கள் சொல்கிற படையல்.

ஆண்டுக்கு இரண்டு முறை. போகியன்று ஒன்று, பழக்காலத்தில் இன்னொன்று. வாழையிலை போட்டு, இறந்துபோன முன்னோர்கள் உயிரோடிருந்தபோது விரும்பிச் சாப்பிட்டவற்றைப் படைக்கிறார்கள். பாட்டிக்குப் பிடித்த பலகாரம் பாட்டிக்கு, தாத்தாவுக்குப் பிடித்த மீன் தாத்தாவுக்கு. இதைச் செய்ய வேண்டுமென்றால் தாத்தாவுக்கு என்ன பிடிக்கும் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தாய்மொழியை நூற்றாண்டுகளுக்கு முன்பே தவறவிட்ட ஒரு சமூகம், கொள்ளுப்பாட்டியின் நாக்கு ருசியைத் தவறவிடவில்லை. தமிழ் நன்றாகப் பேசும் நம் வீடுகளில் பலவற்றில் பொங்கலுக்கு முந்தின நாள் பொதுவாக 'பெரியவர்களுக்கு' என்று படைத்து முடித்துவிடுகிறோம். எந்தப் பெரியவர், என்ன சாப்பிடுவார் என்று கேட்டால் பிள்ளைகளுக்குத் தெரியாது. நுணுக்கமான விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். கவனம் என்பது இந்த நுணுக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாவது, திரும்பி வரும் தட்டு. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கு முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தட்டு வெறுமனே திரும்பாது. கொஞ்சம் சீனி போட்டாவது வரும். நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து கூவே பலகாரம் வந்தால் நம் வீட்டிலிருந்து தட்டு வெறுமனே போகாது. இதைக் கொடுக்கல் வாங்கல் என்று சிலர் குறைவாகப் பேசுவார்கள். மொய் நோட்டு அப்படி ஆகிவிட்டது உண்மைதான். ஐம்பது வெள்ளி எழுதியவருக்கு ஐம்பத்தொன்று திருப்பி எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை நமக்குத் தெரியும். தட்டு அந்த வகையல்ல. அதில் வைக்கும் கைப்பிடிச் சீனி அதிரசத்துக்கு ஈடாகாது என்று இருவருக்கும் தெரியும். ஈடாகாததால்தான் அடுத்த ஆண்டும் தட்டு போகிறது. கடனை முழுக்கத் தீர்த்துவிட்டால் உறவும் அங்கே முடிந்துவிடும்.

தாமான் வீட்டுக்கு வந்த பிறகு இந்தத் தட்டும் குறைந்துவிட்டது. இப்போது மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கொடுத்துவிட்டு "டப்பா திரும்ப வேணாம்" என்கிறோம். வசதிதான்.

கடைசியாக, நமக்குக் கொஞ்சம் கசக்கும் ஒரு விஷயம்.

மலாக்காவில் பால்மரக் காடுகள் பெருமளவு செம்பனையாகிவிட்டன. சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டமாகவும் தொழிற்பேட்டையாகவும் போய்விட்டன. நாம் அலோர் காஜாவுக்கும் ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் ஆயர் கெரோவுக்கும் நகர்ந்துவிட்டோம். இன்று அந்தக் காடுகளில் நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து நின்று குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள். முள்ளோடு இருக்கும் ஒரு குலை இருபது கிலோவுக்கு மேலும் எடை இருக்கும். தலைக்கு மேலிருந்து அது விழும்போது விலகத் தெரிய வேண்டும். வெட்டியதைச் சாலை வரைக்கும் சுமந்து வர வேண்டும். நம் வீட்டுச் சமையலறையில் வடை பொரிக்கும் எண்ணெய் அங்கிருந்துதான் வருகிறது. இன்று இந்த மண்டபத்தில் பரிமாறிய வடையும் சேர்த்துத்தான்.

அவர்களும் முகவரிடம் கடன் பட்டுத்தான் வந்திருக்கிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள். பிள்ளை முகத்தைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். நம் தாத்தாக்களின் கதை வேறு மொழியில் நடக்கிறது. ஆனால் கடையில் அவர்கள் வரிசையில் நின்றால் நம்மில் சிலர் அவர்களைப் பார்க்கிற பார்வையும், பேசுகிற பேச்சும், ஐம்பது ஆண்டுக்கு முன்னால் கிராணி வீட்டுத் திண்ணையில் நம்மைப் பற்றிப் பேசிய பேச்சுதான். 'கூலி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் நம் தாத்தாவை அடைத்தார்கள் என்று கோபப்படுகிற வாய், 'பங்களா' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இன்னொருவனை அடைக்கிறது. தாத்தாவுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று உண்மையிலேயே விரும்புகிறவர்கள் இந்த இடத்தில் தொடங்கலாம். உங்கள் கடையிலோ உணவகத்திலோ இவர்களில் ஒருவர் வேலை செய்தால் அவருடைய பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள், சம்பளத்தைத் தேதியில் கொடுங்கள், பாஸ்போர்ட்டை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். இதற்குத் தியான வகுப்பு தேவையில்லை.

வாரம் ஒருமுறை எழுதுவது பற்றித் தொடக்கத்தில் சொன்னேன். எழுத விரும்புகிறவர்கள் எழுதுங்கள், ஆனால் பொருளை எழுதாமல் ஆளை எழுதுங்கள். 'நல்ல சாப்பாடு' என்று எழுதாதீர்கள். சமைத்தது யார், அன்று அவருக்கு உடம்பு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். எழுதிய பெயர்களில் உயிரோடிருப்பவரை மாதம் ஒருவராகப் போய்ப் பாருங்கள். கையில் ஏதாவது கொண்டுபோங்கள். வெறுங்கையோடு போய் உணர்ச்சிவசப்பட்டால் வயதானவர்கள் பயந்துபோவார்கள், ஏதோ கெட்ட செய்தி சொல்ல வந்திருக்கிறான் என்று.

இந்த அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்து என் உரையை முடித்துக்கொள்கிறேன். மலாக்காவில் இன்று 21 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல பள்ளிகளுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது, சிலவற்றின் பெயரில் 'தோட்டம்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஆண்டு வட்டியிலிருந்து ஒரு சிறு தொகையை ஒதுக்கி, பள்ளிக்கொரு கெட்டி அட்டை நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள், ஸ்டோரில் நின்றவர்கள், கொட்டகை ஆயாக்கள், கோயிலுக்கு ஒருநாள் கூலி கொடுத்தவர்கள் ஆகியோரின் பெயர்களை எழுதட்டும். அடையாள அட்டைப் பெயர் கிடைக்காவிட்டால் கூப்பிட்ட பெயரையே எழுதட்டும், 'வெத்தலை ஆயா' என்றிருந்தாலும் பரவாயில்லை. என்ன வேலை செய்தார், யாருக்கு என்ன செய்தார் என்று ஒரு வரி போதும். நோட்டின் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக, இப்போது அதே நிலத்தில் செம்பனை வெட்டுகிறவர்களின் பெயர்களையும் எழுதத் தொடங்கட்டும். வங்காள மொழிப் பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரும். அதை அந்த ஆளிடமே போய்க் கேட்கச் சொல்லுங்கள்.